கைப்பிடிச்சுவர் இல்லாத மாடி

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், ஞாயிறு வாசகங்களில் இடம்பெறாத சிறிய சட்டம் ஒன்று உண்டு. புதிய வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பத் தவறி, அம்மாடியினின்று எவரேனும் விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் சாரம். விழுந்தவன் ஏன் கவனமாக நடக்கவில்லை என்று அச்சட்டம் கேட்கவில்லை. அவனுக்கு மாலை சூட்டித் தியாகி எனப் போற்றும்படியும் சொல்லவில்லை. சுவர் எங்கே என்ற ஒரே கேள்வியை, வீட்டுக்காரனை நோக்கிக் கேட்கிறது.

கொரோனாக் கொள்ளைநோயில் மருத்துவமனை ஊழியர் பட்ட பாட்டை நினைக்கும்போது, நம் நாடு இக்கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசியது என்றே சொல்லவேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 22-ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசல்களில் நின்று கை தட்டினோம், தட்டுகளையும் தட்டினோம். மே 3-ஆம் நாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின்மேல் மலர் தூவின. வெண்ணிற ஆடைத் தெய்வங்கள் என்றார்கள் மேடைப் பேச்சாளர்கள். நடமாடும் புனிதர்கள் என்றன மறையுரை மேடைகள். அதே மார்ச் மாதத்தில் கொல்கத்தாவில் இளம் மருத்துவர்கள் பாதுகாப்பு உடை கிடைக்காமல் மழைக்கோட்டு அணிந்து நோயாளரைக் கவனித்த செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. மழைக்கோட்டின் பயன் என்ன, அதன் எல்லை என்ன என்பது தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் மலைப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். மழையைத் தாங்கும் துணி நோய்க்கிருமியைத் தாங்குமென்று அவர்களில் ஒருத்தியும் நம்பமாட்டாள்.

கீழ் கோத்தகிரியில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கலாம். மருத்துவமனை ஊழியர் என்போர் நமக்குச் செய்தித்தாளில் வரும் அயலார் அல்லர் என்பதே என் விடை. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து வந்து இம்மலைகளில் குடியேறிய குடும்பங்களிலும், அதற்கு முன்பிருந்தே தோட்டங்களில் உழைத்த குடும்பங்களிலும், படித்த பெண்ணுக்குத் திறந்த கதவுகளில் முதன்மையானது செவிலியர் தொழில். லயன் வீட்டிலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் சென்று சீருடை அணிந்தவர்கள் நம் மகள்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் தம்பியர் படித்தார்கள், ஓட்டுக்கூரைகள் காங்கிரீட்டாயின. அவர்களைத் தெய்வங்கள் என்று புகழும்போது மகிழும் நாம், அவர்களுடைய பணிப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கத் தயங்குவது எப்படித் தகும்?

ஆபத்து வானத்திலிருந்து விழவில்லை

மருத்துவமனை ஊழியருக்கு நேர்ந்த ஆபத்து ஊழ்வினையால் வந்ததன்று. அதற்குக் காரணங்கள் உண்டு, அக்காரணங்களுக்குப் பொறுப்பாளரும் உண்டு. 2020 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் கூறியதைக் கவனியுங்கள். பெரும்பாலான நாடுகளில் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர்கூட மருத்துவப் பணியாளர் இல்லை. ஆனால் அந்நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட கொரோனா நோயாளரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினால்வர் மருத்துவப் பணியாளர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடத்தப்பட்டு 2020 சூலையில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, நோயாளரை நேரடியாகக் கவனித்த ஊழியருக்குத் தொற்றும் வாய்ப்பு பொதுமக்களுக்கு இருந்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டது. அவர்களுக்குப் பரிசோதனை எளிதில் கிடைத்தது என்பதைக் கழித்துக் கணக்கிட்ட பின்னும் நின்ற எண் அது. போதிய கவசம் இல்லாதவர்களுக்கு ஆபத்து மேலும் கூடியதென்றும் அவ்வாய்வு காட்டியது. 2020 சனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் இந்நோயால் மாண்ட மருத்துவப் பணியாளர் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

தொற்றும் விதத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நோயாளி மூச்சு விடும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. 2020 மார்ச் இறுதியில் இந்நோய் காற்றின்வழி பரவாது என்று உறுதியாக அறிவித்த உலக சுகாதார நிறுவனம், காற்றோட்டம் குறைந்த அறைகளில் அவ்வாறு பரவக்கூடும் என்பதை 2021-இல்தான் தெளிவாக எழுதியது. இந்த இடைவெளியின் விலையைச் செலுத்தியவர் யார்? தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் நல்ல முகக்கவசம் போதும் என்ற கணக்கினால், பொது வார்டில் நின்ற செவிலியரும், படுக்கை விரிப்பை உதறிய உதவியாளரும், கழிப்பறையைக் கழுவிய துப்புரவுத் தொழிலாளியுமே செலுத்தினார்கள்.

நம் மலையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பனி இறங்கும் மாதங்களில் சன்னலைத் திறக்க நாம் அஞ்சுகிறோம். குளிருக்கு மூடிய அறை நோய்க்கும் மூடிய அறையே. 2020 ஏப்ரலில் நீலகிரியில் தொற்று கண்டவர்கள் கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் இறங்கும் ஆம்புலன்சின் பின்பகுதியில் நோயாளியோடு அமர்ந்து செல்வதென்றால் என்ன பொருள் என்பதை இப்பாதையில் பயணம் செய்தவர் அறிவர். 2021-ஆம் ஆண்டின் நடுவில் நீலகிரியின் பழங்குடி மக்களில் வயதுவந்தோர் ஏறத்தாழ அனைவருக்கும் முதல் தடுப்பூசி போடப்பட்டது என்று நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டு ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்த கால்களுக்கு உரியது. அக்கால்களுக்கு உரியவர்களின் பணி நிரந்தரமா, தற்காலிகமா என்று அப்போது கேட்டவர் எத்தனை பேர்?

யாரும் எதிர்பார்க்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. 2003-இல் சார்ஸ் நோய் கண்ட ஏறத்தாழ 8,100 பேரில் ஐவருக்கு ஒருவர் மருத்துவப் பணியாளர். அதன்பின் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் நடத்திய விசாரணை, அறிவியல் முழு உறுதி தரும்வரை காத்திராமல் ஊழியரைப் பாதுகாக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. பதினேழு ஆண்டுகள் அவகாசம் இருந்தது. சுவர் கட்டப்படவில்லை.

இறை இரக்க ஞாயிறன்று நடந்தது

2020 ஏப்ரல் 19. அன்று இறை இரக்க ஞாயிறு. பூட்டிய ஆலயங்களில் குருக்கள் தனியாகத் திருப்பலி நிறைவேற்றினார்கள். விசுவாசிகள் வீட்டிலிருந்து இரக்கத்தின் செபமாலை சொன்னார்கள். அந்த நாளில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யக் கொண்டுசென்றபோது கூட்டம் திரண்டு எதிர்த்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுசென்றார்கள், அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஓட்டுநர் காயமுற்றார். ஆம்புலன்சின் கண்ணாடி நொறுங்கியது. இறுதியில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர் தாமே வண்டியை ஓட்டி வந்து, மருத்துவமனை ஊழியர் இருவரோடு, காவலர் துணையுடன், நள்ளிரவுக்குப்பின் குழியை மூடினார். மனைவியும் பிள்ளையும் முகம் பார்க்கவில்லை. கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யப்படவேண்டும் என்ற கணவரின் ஆசைக்காக அம்மனைவி பின்னர் உயர்நீதிமன்றப் படியேறவேண்டியிருந்தது.

கை தட்டியது மார்ச் 22; கல் எறிந்தது ஏப்ரல் 19. இடையில் ஒரு மாதம்கூட இல்லை. தட்டிய கைகளும் எறிந்த கைகளும் வேறுவேறு என்று நம்மால் ஆணையிட்டுச் சொல்ல முடியுமா? தெய்வமென்று போற்றுவதும் தீட்டென்று விரட்டுவதும் ஒரே வேரில் முளைப்பவை. இரண்டிலும் எதிரில் நிற்பவர் மனிதராக மதிக்கப்படுவதில்லை. தெய்வத்துக்குக் களைப்பு இல்லை, ஊதியம் தேவையில்லை, பிள்ளைகள் இல்லை. தீட்டுக்கு உரிமை இல்லை. உழைத்து உண்ணும் தொழிலாளி என்ற ஒரே நிலைக்கே மூன்றும் உண்டு. அந்த நிலையை நாம் அவர்களுக்கு மறுத்தோம்.

சட்டங்கள் வந்தன என்பதை மறுக்கவில்லை. ஏப்ரல் 22-ஆம் நாள் நடுவண் அரசு, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஐந்தாண்டுவரையும், கொடுங்காயம் விளைவிப்போருக்கு ஏழாண்டுவரையும் சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்யும் அவசரச் சட்டத்தைக் கொணர்ந்தது. சில நாள்களில் தமிழக அரசும், இத்தகைய அடக்கங்களைத் தடுப்பது குற்றம் எனச் சட்டம் செய்தது. ஆனால் இவை கல்லெறிபவனுக்கு எதிரான சட்டங்கள். சுவர் கட்டாதவனுக்கு எதிரான சட்டம் எது?

கணக்கில் வராதவர்கள்

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது: எத்தனை மருத்துவப் பணியாளர் தொற்றுக்கு ஆளானார்கள், எத்தனை பேர் மாண்டார்கள்? நலவாழ்வு மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே நடுவண் அரசிடம் அத்தகைய கணக்கு இல்லை என்பதே கிடைத்த விடை. அடுத்த நாளே இந்திய மருத்துவ சங்கம் இறந்த மருத்துவர் 382 பேரின் பட்டியலை வெளியிட்டது. 2021-இன் இரண்டாம் அலையில் மேலும் 700-க்கும் அதிகமான மருத்துவர் இறந்ததாக அச்சங்கம் கணக்குச் சொன்னது. மருத்துவர்களுக்கு ஒரு சங்கமாவது இருந்தது, எண்ணிச் சொன்னது. செவிலியரை எண்ணியவர் யார்? ஆய்வக உதவியாளரை? ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் வேலை செய்த துப்புரவுத் தொழிலாளியை? காணாமற்போன ஒரு ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதையும் விட்டுச் சென்ற ஆயரைப் பற்றி மறையுரை கேட்டு வளர்ந்த நாம், ஆடுகளை எண்ணாத மேய்ப்பனுக்கு ஒன்று குறைந்தது தெரியவே தெரியாது என்பதையும் உணரவேண்டும்.

பணியில் இறப்போர் குடும்பத்துக்கு 50 இலட்சம் ரூபாய் காப்பீடு என்று 2020 மார்ச் இறுதியில் நடுவண் அரசு அறிவித்தது நல்ல செயலே. ஆயினும், கிளினிக்கை மூடக்கூடாதென்று மாநகராட்சி அனுப்பிய அறிவிப்புக்குப் பணிந்து திறந்துவைத்திருந்து இறந்த தனியார் மருத்துவர் ஒருவரின் மனைவிக்கு அத்தொகை மறுக்கப்பட்டது. 2021-இல் மும்பை உயர்நீதிமன்றமும் மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போகவேண்டியதாயிற்று. மருத்துவரின் மனைவிக்கே இந்த அலைச்சலென்றால், நியமன ஆணை என்ற ஒரு தாளும் இல்லாத தினக்கூலியின் மனைவி எந்த வாசலில் நிற்பாள்?

இன்னொன்றையும் மறக்கலாகாது. பெருந்தொற்றின் உச்சத்தில் தமிழக அரசு தொகுப்பூதியத்தில் சேர்த்துக்கொண்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, 2022 டிசம்பர் 31-ஆம் நாளுக்குப்பின் பணி நீட்டிப்பு இல்லை என்று ஆணை பிறந்தது. பிறகு வந்த போராட்டங்களும், மாற்றுப்பணி பற்றிய வாக்குறுதிகளும், வழக்குகளும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த நாளை நினையுங்கள். டிசம்பர் 31 இரவு நம் ஆலயங்களிலெல்லாம் ஆண்டிறுதி நன்றி வழிபாடு. கொள்ளைநோயினின்று நம்மைக் காத்த இறைவனுக்கு நாம் நன்றி கூறிக்கொண்டிருந்த அதே இரவில், அவருடைய கைகளாக நின்று நம்மைக் காத்தவர்கள் வேலையிழந்து வீடு திரும்பினார்கள். அறுவடை செய்த கூலியாளின் பிடித்தம் செய்யப்பட்ட கூலி படைகளின் ஆண்டவரின் செவியில் கூக்குரலாய் எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரித்ததை அந்த வழிபாட்டில் எங்கேனும் வாசித்தார்களா?

கயபாவின் குரல்

இங்கே சில அன்பர்கள் இடைமறிப்பார்கள். ஆபத்து அத்தொழிலின் இயல்பு. போர்வீரன் குண்டுக்கு அஞ்சலாமா என்பார்கள். அஞ்சக்கூடாதுதான். ஆனால் துப்பாக்கி கொடாமல் வீரனைக் களத்துக்கு அனுப்பிய தளபதியை எந்த நாடும் பதவியில் வைத்திருப்பதில்லை. ஏழை நாடு, வசதி இல்லை என்பார்கள் வேறு சிலர். முதல் சில வாரங்களுக்கு இவ்வாதத்தை ஏற்கலாம். இறந்தவரை எண்ணுவதற்கும், சன்னலைத் திறப்பதற்கும், நோயுற்ற ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தருவதற்கும் எத்தனை கோடி வேண்டும்?

இவற்றைவிட என்னை உறுத்துவது பக்தி உடையணிந்து வரும் மறுமொழி. அவர்கள் தங்களைப் பலியாக்கினார்கள், கிறிஸ்துவைப்போல, என்கிறார்கள். பலி என்ற சொல்லை இவ்வளவு மலிவாகக் கையாளலாகாது. தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமாகவே கொடுப்பதாக ஆண்டவர் யோவான் நற்செய்தியில் தெளிவுபடுத்துகிறார். தாமாகக் கொடுத்ததே பலி. முகக்கவசம் கேட்டு, இல்லையென்ற விடை பெற்று, வேலை போய்விடுமே என்று வார்டுக்குள் நுழைந்த ஒப்பந்தச் செவிலியரிடமிருந்து வாங்கப்பட்டது பலியன்று, பறிப்பு. அதே நற்செய்தியில், மக்களுக்காக ஒரு மனிதன் இறப்பது நல்லது என்று சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் கயபா. உயிர் கொடுப்பதைப் பற்றி இயேசு பேசியபோது தம் உயிரைச் சொன்னார். கயபா பேசியபோது பிறர் உயிரைச் சொன்னார். பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு அடுத்தவரின் தியாகத்தைப் புகழும் நாவு யாருடைய குரலில் பேசுகிறது என்பதை அவரவர் சோதித்தறிக.

புனிதர்களின் வரலாறும் இதையே காட்டும். ஞானப்பிரகாசியார் உரோமையில் கொள்ளைநோயாளருக்குப் பணிசெய்து 1591-இல், இருபத்துமூன்று வயதில் இறந்தார். அவரை நாம் போற்றுகிறோம். ஆனால் ஆபத்து மிகுந்த மருத்துவமனைக்கு அவர் செல்வதை மேலாளர்கள் முதலில் தடுத்தார்கள் என்பதை ஏன் சொல்லாமல் விடுகிறோம்? மொலக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889-இல் அந்நோயாலேயே இறந்த தமியான், வீடு கட்டப் பலகை வேண்டும், மருந்து வேண்டும், பணியாளர் வேண்டும் என்று அரசையும் திருச்சபை அதிகாரிகளையும் ஓயாமல் நச்சரித்தவர். தம்மைக் கொடுத்தவரே பிறருக்காகக் கேட்கவும் செய்தார்.

நம் வீட்டு மாடி

அரசைச் சாடிவிட்டு அமர்ந்துவிடலாகாது. இந்நாட்டில் கத்தோலிக்க மருத்துவமனைகள் ஏராளம். அவற்றை ஒன்றிணைக்கும் அமைப்பை 1943-இல் குண்டூரில் தொடங்கியவர், தாமே மருத்துவராயிருந்த அருட்சகோதரி மேரி குளோரி. அந்தப் பெருமை நமக்குரியதென்றால் பொறுப்பும் நமக்குரியதே. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் நீதியான கூலியைப் பற்றி எழுதினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், தொழிலாளியின் உடல்நலத்துக்குத் தீங்கு செய்யாத பணிச்சூழலை அவனுடைய உரிமைகளுள் ஒன்றாகவே வைத்தார். உரிமை என்றார், கருணை என்று சொல்லவில்லை.

2016-இல், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று நடுவண் அரசின் குழு பரிந்துரைத்தது. ஆண்டுகள் பல கடந்துவிட்டன. நம் நிறுவனங்களில் எத்தனை அதை எட்டின? எத்தனையில் துப்புரவுப் பணியாளருக்கு மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போடப்பட்டுள்ளது? ஊசி குத்திக்கொண்ட உதவியாளர் அஞ்சாமல் சொல்ல ஒரு பதிவேடு உண்டா? சேவை மனப்பான்மை என்ற அழகிய சொல், குறைந்த சம்பளத்தை மூடும் போர்வையாகிவிட்டதா? தோட்டத்தில் மருந்தடிக்கும் தொழிலாளிக்குக் கையுறை கொடாத கங்காணியைக் கண்டிக்கும் நாம், சிலுவை பொறித்த கட்டடத்துக்குள் நுழைந்ததும் வேறு அளவுகோலை எடுத்துக்கொள்ளக்கூடாது.

இது பழங்கதை பேசுவதன்று. கொரோனா அவசரநிலை 2023 மே மாதத்தில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நாடுகாணி மலைக்கு அப்பால் உள்ள கேரளத்தில் நிபா நோய் 2018 முதல் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. நம் மாவட்ட எல்லையைத் தொடும் மலப்புறத்திலும் உயிர்களைக் குடித்திருக்கிறது. 2018 மே மாதத்தில் பேராம்பிரா அரசு மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்துத் தொற்றுக்கு ஆளாகி இறந்த செவிலியர் லினியை நாடு மறக்கவில்லை. அவருடைய கணவருக்குக் கேரள அரசு வேலை அளித்தது; அது தகும். அடுத்த லினி இறவாதிருக்கச் செய்வதே அதனினும் தகும்.

ஆகவே இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் பொதுநிலையினரை நான் கேட்பது இதுதான். உங்கள் பங்கிலிருந்து மருத்துவமனைப் பணிக்குச் சென்றவர்கள் யார் யார் என்று பங்குப் பேரவையில் ஒரு பட்டியல் எழுதுங்கள். மருத்துவரோடு நின்றுவிடாமல், வார்டு உதவியாளரையும் ஆம்புலன்சு ஓட்டுநரையும் துடைப்பம் பிடிப்பவரையும் அதில் சேருங்கள். அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தேவையான கவசம் கிடைக்கிறதா, நோயுற்றால் சம்பளம் உண்டா, நியமன ஆணை கையில் உண்டா. இல்லையென்ற விடை வந்தால், அம்மருத்துவமனையை நடத்துவது அரசாயினும், தனியாராயினும், மறைமாவட்டமோ துறவற சபையோ ஆயினும், எழுத்தில் கேளுங்கள்; விடை வரும்வரை கேளுங்கள்.

பிப்ரவரி 11, உலக நோயாளர் நாள். அன்று அவர்களைப் பீடத்தின்முன் அழைத்து ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவது நமக்கு எளிது. அந்த ஆண்டு பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். மாடியில் நிற்பவருக்கு வேண்டியது சுவர்.